அடையாற்றங்கரை – 17: இரண்டாவது பெண்

சென்னை மாநகராட்சி தோன்றியது 1688ல். அதன் மேயர் நாற்காலியில் முதன்முதலாக ஒரு பெண் அமர்ந்தது 1956ல். அவர் தாரா செரியன். இரண்டாவது பெண் காமாட்சி ஜெயராமன்; ஆண்டு 1971. மூன்றாமவர் ஆர். பிரியா, 2022 மார்ச்சில் 28 வயதில் பொறுப்பேற்றார். நகரின் முதல் தலித் பெண் மேயரும் அவரே. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே 15 ஆண்டு, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே ஏறத்தாழ 50 ஆண்டு. 1973ல் மன்றம் கலைக்கப்பட்டு 1996 வரை தேர்தலே நடக்கவில்லை என்பது உண்மைதான். அந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டாலும் கணக்கு பெரிதாகத் தேறாது. மூன்றாமவர் வந்ததும் காலம் கனிந்து தானாக நடந்ததல்ல. மேயர் பதவி இந்த முறை பட்டியலினப் பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டதால் நடந்தது.

நம் ஊர்ப் பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு முதலிடங்களின் மீது தீராத மோகம் உண்டு. முதல் பட்டதாரி, முதல் மருத்துவர், முதல் மாஜிஸ்திரேட், முதல் ஆட்சியர் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு மார்ச் 8ஆம் தேதியும் அதைத் தூசி தட்டி எடுப்போம். இந்தத் தொடரின் சென்ற பகுதிகளும் அதற்கு விலக்கல்ல. 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்ததையும், அதே டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டதையும் பார்த்தோம். ஆனால் முதலாமவரை வைத்து ஒரு நிறுவனத்தை எடை போட முடியாது. முதலாமவர் அசாதாரணத் திறமையால் வரலாம், குடும்பச் செல்வாக்கால் வரலாம், ஆள்பவரின் பெருந்தன்மையால் வரலாம், யாரும் எதிர்பாராத சந்தர்ப்பத்தால்கூட வரலாம். அவருக்குப் பிறகு இரண்டாவது பெண் எவ்வளவு சீக்கிரம் வந்தார், எந்த வழியாக வந்தார் என்று கேட்டால்தான் அந்த இடத்தின் உள்கட்டு தெரியும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஆறேழு கிலோமீட்டருக்குள் கடந்த நூறாண்டில் நடந்தவை இந்தக் கேள்விக்கு நாட்டின் வேறெந்தப் பகுதியையும் விடத் தெளிவாக விடை சொல்கின்றன என்பது என் எண்ணம்.

சகோதரி சுப்பலட்சுமியிலிருந்து தொடங்கலாம். 1886ல் பிறந்து, பால்ய வயதிலேயே மணமாகிக் கணவனை இழந்தவர். அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் அன்றைய வழக்கப்படி மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911ல் சுப்பலட்சுமி பி.ஏ. தேறினார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதியும் நடத்தலானார். அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்கு வேறொரு தலைவலி இருந்தது. பெண் குழந்தைகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயந்தார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் ஏற்கும் ஆசிரியைகள் வேண்டும், ஆனால் மணமான பெண்ணை எந்தக் கணவன் வேலைக்கு அனுப்புவான்? பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் பெண்மணியும் சுப்பலட்சுமியும் இந்த இரண்டு பிரச்சினைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். எதிரே வந்தால் சகுனத்தடை என்று ஊர் ஒதுக்கிவைத்த இளம் விதவைகள்தான் மாகாணத்தின் ஆசிரியைகளாக வேண்டும் என்பது அவர்கள் கண்ட தீர்வு.

1917ல் அரசாங்கம் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸை வாங்கி விடுதிக்குக் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் கொட்டி வைப்பதற்காக 1840களில் கட்டிய கட்டடம் அது. 1897ல் விவேகானந்தர் தங்கிய இடம் என்பதால் இன்று விவேகானந்தர் இல்லம். நடுவில் இரண்டு தலைமுறை இளம் விதவைகள் அங்கே படித்தார்கள் என்பதை அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1922ல் கூப்பிடு தூரத்தில் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் சுப்பலட்சுமியே. இந்த அமைப்பில் ஒரு பெண் விதவையாக உள்ளே வருவாள், விடுதியில் தங்குவாள், பள்ளி முடிப்பாள், பக்கத்திலேயே ஆசிரியர் பயிற்சி பெறுவாள், வேலைக்குப் போவாள், சில ஆண்டுகளில் ஏதோ ஒரு மாவட்டத்துப் பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக முடியும். தங்க இடம், படிப்பு, பயிற்சி, நியமனம் நான்கும் ஒரே சங்கிலி. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முடிவெடுக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தார். ஐஸ் ஹவுஸில் 18 வயது வரைதான் வைத்திருக்கலாம் என்ற விதி இடறியபோது, வயதில் மூத்த பெண்களுக்காகச் சுப்பலட்சுமி சாரதா வித்யாலயாவை உண்டாக்கினார். பிற்காலத்தில் அது ராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்குப் போய் இன்று தி.நகரில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பைச் சீட்டாடும் இடமாக விட்டுவிடாமல், அதன் மூலம் 1956ல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்க வைத்தார். சுப்பலட்சுமியின் பெருமை அந்த பி.ஏ. பட்டத்தில் இல்லை, அவருக்குப் பின் வந்த தலைமை ஆசிரியைகளின் வரிசையில் இருக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையில் இதே பாடம் இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் அவர் இரண்டு வழிகளையும் முயன்று பார்த்தவர். சுப்பலட்சுமி பிறந்த அதே 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். எதிர்ப்பை மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரை ஆண்கள் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். 1926ல் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார்; உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தவரை ஒரே ஆள். 1930ல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தபோது அவருடைய இடத்தை நிரப்ப இன்னொரு பெண் வரிசையில் காத்திருக்கவில்லை. 1937ல் ருக்மிணி லட்சுமிபதி பேரவைத் துணைத் தலைவரானார். அது வேறொரு சட்டம், வேறொரு தேர்தல், வேறொரு கட்சி வழியாக வந்தது. முத்துலட்சுமி விட்டுச் சென்ற எதனாலும் வந்ததல்ல. முத்துலட்சுமி பதவியைத் துறந்த அதே 1930ல், தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறி வந்த சில இளம்பெண்களுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்காதபோது, தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டு ஔவை இல்லத்தைத் தொடங்கினார். மேலவைப் பதவி நான்காண்டில் முடிந்தது. ஔவை இல்லம் அடையாறில் இன்றும் இருக்கிறது.

அடுத்து அவர் எழுப்பியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கை புற்றுநோயால் இறந்த துயரம் அவரை விடவே இல்லை. மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று அன்றைய அமைச்சர் ஒருவரே கேட்டதாக பிற்காலத்தில் அதன் இயக்குநரான டாக்டர் சாந்தா பலமுறை சொல்லியிருக்கிறார். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் மருத்துவமனை திறந்தபோது இருந்தவை 12 படுக்கைகள், சில குடிசைகள். ஆரம்ப ஆண்டுகளில் முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும்தான் மருத்துவர்கள். சாந்தா மயிலாப்பூர்க்காரர், 1927ல் பிறந்தவர், சி.வி. ராமனின் குடும்பம். பொதுப்பணி ஆணையத் தேர்வில் வென்று, எழும்பூர் மகளிர்-குழந்தைகள் மருத்துவமனையில் வேலைக்குப் போக வேண்டியவர். அதை விட்டுவிட்டு 1955ல் அடையாறுக்கு வந்தது அவருடைய ஆசிரியர்களுக்கும் உறவினர்களுக்கும் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. முதலில் சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க ஓர் இடமும். 1980ல் இயக்குநரானார், 1997 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதே வளாகத்தில் வாழ்ந்தார். மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அந்த வளாகத்துக்கே வந்து சேர்ந்தன. எழும்பூருக்கே போயிருந்தால் அவர் சிறந்த மகப்பேறு மருத்துவராக ஓய்வு பெற்றிருப்பார். புற்றுநோய் மருத்துவத்துக்கு நாடு முழுவதும் வழிகாட்டிய நிறுவனத்தின் தலைவராக ஆகியிருக்க முடியுமா என்பது ஐயம்தான்.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். இவையெல்லாம் ஆண்கள் போட்ட தயவில் நடந்தவை அல்லவா? தந்தை படிக்க வைக்காவிட்டால் சுப்பலட்சுமி ஏது, மன்னர் சேர்க்காவிட்டால் முத்துலட்சுமி ஏது, மருத்துவமனையிலும் முதலில் முன்னின்றவர் மகன்தானே? தயவு இருந்தது; மறுக்க வேண்டியதில்லை. தம்மை எல்லா வகையிலும் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் முத்துலட்சுமி 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார், அவரும் அதைக் காப்பாற்றினார். ஆனால் தயவு ஒருவரை உள்ளே கொண்டுவந்து விடுவதோடு நின்றுவிடும். அடுத்தவரை அழைத்து வர, அழைக்கப்பட்டவர் கையில் நியமிக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். சாந்தா முத்துலட்சுமிக்கு உறவல்ல. மகனுக்குப் பிறகு மருமகளோ பேரனோ வந்து உட்காரும் குடும்ப டிரஸ்ட்டுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே வந்தவர் வெளியாள், வேலையைச் செய்து காட்டி வந்தவர்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சாதி பற்றியது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமானது. அரசாங்கம் பொதுப்பணத்தில் வாங்கிய கட்டடத்தில் மாகாணத்தின் மிகச் சிறிய சமூகத்துப் பெண்களுக்கு மட்டும் இடம். மற்றவர்களோடு சேர்ந்து உண்ண வைத்தால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். நடைமுறைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். விளைவு என்னவோ, பெண்கள் தலைமை என்ற சங்கிலியின் முதல் கண்ணியிலேயே ஒரு பூட்டு விழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் வேலையில் சம உரிமையும் கேட்டு, ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையில் பெண்களை அதிகமாகச் சேர்க்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. அந்தக் குரல் கேட்டது இந்தப் பூட்டுக்கு வெளியே நின்றிருந்தவர்களின் சார்பில். அடுத்த ஆண்டு முத்துலட்சுமிக்குத் தனியாக ஓர் இல்லம் தொடங்க நேர்ந்ததும், இருந்த விடுதிகள் எல்லாம் ஏதாவது ஒரு பூட்டு போட்டிருந்ததால்தான்.

அந்த முத்துலட்சுமி மேல் வரும் குற்றச்சாட்டுதான் எனக்கு எளிதில் பதில் சொல்ல முடியாதது. தேவதாசி முறையை ஒழிக்க 1920களில் அவர் எடுத்த முயற்சி 1947ல் சட்டமாக முடிந்தது. சிறுமிகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவது நின்றது. அது நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்த மரபுக்குள் தாய் வழியாகச் சொத்து வந்தது, மானிய நிலம் இருந்தது, குடும்பத்தின் தலைவி மூத்த பெண். நாட்டியமும் சங்கீதமும் அவள் கையில் இருந்த தொழில். அந்த மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் சென்னையிலிருந்து அந்த மசோதாவை எதிர்த்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் சொத்தைக் கொட்டிக் கட்டியவரும் அவரே. ஆராதனையில் ஆண்கள் பாட இடம் தராதபோது 1920களின் இறுதியில் பெண்களுக்கென்று தனி மேடை அமைத்தவரும் அவரே. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் மரபில் வந்த கௌரி அம்மாள், ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் ஆடக் கற்றுக்கொடுத்தார். மரபுக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி 1936ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கி, ஐம்பது ஆண்டு அதன் தலைவியாக இருந்து, மாநிலங்களவைக்கும் போனார். கௌரி அம்மாள் கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார். ஒரே கலை, ஒருவருக்கு நிறுவனம், மற்றவருக்கு நினைவு. பெண்கள் நிறுவனம் கட்டினால் பெண்கள் தலைமை தொடரும் என்று நான் சொல்லும்போது, எந்தப் பெண்களிடமிருந்து எடுத்து எந்தப் பெண்களுக்குக் கட்டினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே வாசகர் படிக்க வேண்டும். இரண்டாவது பெண் முதலாமவரின் தெருவிலிருந்தே வந்தால் வரிசை நீளும், ஊர் மாறாது.

பள்ளிக்கூடம், விடுதி, மருத்துவமனை இவையெல்லாம் எப்போதும் பெண்களுக்கு விட்டுக்கொடுத்த துறைகள். கஜானாவும் கச்சேரியும் காவலும் இருக்கும் இடத்தில் என்ன நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். புற்றுநோய் மருத்துவம் யாரும் விட்டுக்கொடுத்த துறையல்ல என்று சொல்லலாம். இருந்தாலும் கேள்வி நியாயமானது. அங்கே நடந்தது அப்பட்டமான கதவடைப்பு. அன்னா ராஜம் 1951ஆம் ஆண்டு அணியில் ஐ.ஏ.எஸ். தேறியபோது தேர்வுக் குழுவினரே, பெண்ணுக்கு இது வேண்டாம், வெளியுறவுப் பணியோ மத்தியப் பணியோ போங்கள் என்று புத்தி சொன்னார்கள். அவர் சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கினார். முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்குப் பெண்ணை மாவட்டத்துக்கு அனுப்பத் தயக்கம். செயலகத்தில் ஒரு மேசை கொடுக்கலாம் என்றார். வாதாடித்தான் ஓசூருக்குச் சார் ஆட்சியராகப் போனார். அவருடைய நியமன ஆணையிலேயே, மணம் செய்துகொண்டால் வேலை போகும் என்று எழுதியிருந்தது. 1954ல் வந்த ஐ.ஏ.எஸ். விதிகள் அதைச் சட்டமாகவே வைத்தன: மணமான பெண் பணி நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது, பணியில் இருக்கும் பெண் மணம் செய்துகொண்டால் நிர்வாகத் திறன் கருதி அரசு அவரை விலகச் சொல்லலாம். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்ல வழியில்லை. பிரிட்டன் தன் உள்நாட்டுச் சிவில் பணியில் இந்தத் தடையை 1946லேயே எடுத்துவிட்டது. அவர்கள் எடுத்து எட்டாண்டு கழித்துச் சுதந்திர இந்தியா புதிதாக எழுதிக்கொண்டது.

அந்த விதி 1972ல் போனது. வெளியுறவுப் பணியில் இருந்த இதே போன்ற விதிகளை எதிர்த்து சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார்; நுங்கம்பாக்கம் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர், 1949ல் வெளியுறவுப் பணிக்கு வந்த முதல் பெண். வழக்கு நடக்கும்போதே அரசு அவசர அவசரமாக அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அதனால் 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார், ஆனால் அந்த விதிகளைக் கிழி கிழி என்று கிழித்தார். பிறகு நடந்ததைப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் முதல் பெண் தலைமைச் செயலாளராக லட்சுமி பிராணேஷ் வந்தார். அவரைத் தொடர்ந்து மாலதி, ஷீலா பாலகிருஷ்ணன், கிரிஜா வைத்தியநாதன் என்று இருபது ஆண்டுக்குள் நான்கு பேர். காவல்துறையில் 1973ல்தான் பெண்களைச் சேர்க்கவே தொடங்கினார்கள். 1976 அணியில் திலகவதியும் லத்திகா சரணும் சேர்ந்தே வந்தார்கள். லத்திகா சரண் 2006ல் சென்னை மாநகர ஆணையர், 2010ல் மாநிலக் காவல்துறைத் தலைவர். 1980 அணியின் அர்ச்சனா ராமசுந்தரம் 2016ல் துணை ராணுவப் படை ஒன்றின் தலைவரான நாட்டின் முதல் பெண். மேயர் பதவியில் மூன்று பேர் வர 66 ஆண்டு எடுத்த இதே நகரத்தில் இது நடந்தது. வேறுபாடு எங்கே? ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளில் தடை நீங்கிய பிறகு பெண்கள் ஆண்டுதோறும் அணி அணியாக உள்ளே வந்தார்கள். மூப்புப் பட்டியலில் பெயர் இருந்தது. முப்பது ஆண்டில் மேலே வர ஆள் இருந்தது. மேயர் பதவிக்கு அப்படி ஓர் அடிவரிசை இல்லை. சுப்பலட்சுமி நான்கு பெண்களோடு செய்தது சின்ன அளவில் இதைத்தான்.

தனியார் கம்பெனிகளுக்கு வந்தால் கதை மறுபடி முதலிடத்திலேயே நின்றுவிடுகிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. ஒன்று என்று சட்டம் சொன்னதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம். அந்த ஒருவரும் முதலாளியின் மனைவியாகவோ மகளாகவோ இருந்த வேடிக்கையை நாடே பார்த்தது. அதைச் சரிக்கட்ட, முதல் 500 கம்பெனிகளில் 2019 முதலும் முதல் 1000 கம்பெனிகளில் 2020 முதலும், குடும்பத் தொடர்பற்ற சுயேச்சை இயக்குநராக ஒரு பெண் வேண்டும் என்று செபி விதி போட வேண்டியிருந்தது. தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸில் படித்த இந்திரா நூயி பெப்சிகோவின் தலைவரானதை நாம் உரிமையோடு கொண்டாடுகிறோம். அவர் ஏணி ஏறியது நியூயார்க்கில், தி.நகரில் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொள்வதில்லை.

திறமை இருந்தால் வரட்டும், ஒதுக்கீடு எதற்கு என்பவர்களுக்கு மேலே சொன்ன 50 ஆண்டு இடைவெளியே பதில். ஒதுக்கீட்டில் வரும் கவுன்சிலரின் அதிகாரத்தைக் கணவர் செலுத்துகிறாரே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கேலி பல வார்டுகளில் உண்மைதான். ஆனால் 200 வார்டு கொண்ட மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்றான பின், கணவரை வாசலோடு நிறுத்திவிட்டு உள்ளே வருகிறவர்களும் எண்ணிக்கையில் கூடத்தான் செய்வார்கள். ஒருவர் மட்டும் இருந்த மன்றத்தில் அந்த வாய்ப்பே இல்லை. அரசு வேலையில் பெண்களுக்கு 1989ல் 30 சதவீதம் ஒதுக்கியது தமிழ்நாடு. 2021ல் அதை 40 ஆக்கப்போவதாக அறிவித்தது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருப்பதாகத் தொழில் ஆய்வுக் கணக்கு சொல்கிறது. அடிவரிசை இவ்வளவு பலமாக இருந்தும் சூப்பர்வைசர் மேசையைத் தாண்டினால் பெண் முகம் குறைந்துவிடுகிறது என்றால், குறை பெண்களின் திறமையில் இருக்க முடியாது. நியமிக்கிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேலை நேரம் முடிந்த பிறகு அந்தப் பெண் எங்கே தங்குகிறாள் என்றும் பார்க்க வேண்டும். 1912ல் சுப்பலட்சுமி பாடத்திட்டம் எழுதுவதற்கு முன் வாடகைக்கு வீடு பார்த்தார். இன்று அரசு 'தோழி' விடுதிகளைக் கட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான். பதவி உயர்வைப் பற்றிப் பேசும் கம்பெனி அறிக்கைகளில் விடுதியும் குழந்தைகள் காப்பகமும் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகத்தை 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. உங்கள் அலுவலகத்தில் அது எந்த மாடியில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த பகுதியில் துர்காபாய் தேஷ்முக். ராஜமுந்திரியில் பிறந்து, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போய், 1937ல் மயிலாப்பூரில் ஆந்திர மகிள சபாவைத் தொடங்கியவர். காசி மெட்ரிகுலேஷனுக்குச் சில பெண்களைத் தயார் செய்யும் வகுப்பாகத்தான் அது ஆரம்பித்தது. அரசியல் நிர்ணய சபைக்குப் போவதற்கு முன் அவர் இங்கே கணக்கு வழக்கு எழுதிக் கற்றுக்கொண்டது என்ன என்பதை அங்கே பார்ப்போம். அடையாறு பாலத்துக்கு இட்டுச் செல்லும் சாலைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.